நான்காவது மதகுக்கு முன் அடித்த மணி

இந்த வருட மாநாட்டில் முதல் முறையாக அமர்வுத் தலைமை ஏற்கப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவள் வரலாறு படிக்கப் போயிருக்க மாட்டாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டார வரலாற்றுக் கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நான் போகாத வருடங்கள் மிகக் குறைவு. மகன் பிறந்த வருடம் போகவில்லை. கொரோனா வருடத்தில் யாருமே போகவில்லை. கணினித் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்து "கேட்கிறதா, கேட்கிறதா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதை நான் மாநாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. மாநாடு என்றால் எழுதாத பேனா வைத்த துணிப்பை வேண்டும். இனிஷியல் தப்பாக அடித்த அடையாள அட்டை வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்து காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து, முதல் அமர்விலேயே தூங்கி வழிகிற பெரியவர்கள் வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் கல்வெட்டுக்காரர்கள் ஒரு பக்கமும் நாணயக்காரர்கள் ஒரு பக்கமுமாக, மாப்பிள்ளை வீடு பெண் வீடு மாதிரி பிரிந்து உட்கார வேண்டும். "ஒரே ஒரு சிறு கேள்வி" என்று எழுந்து தன்னுடைய கட்டுரையை முழுக்கச் சொல்லி முடிக்கிறவர் ஒருவராவது வேண்டும். இதெல்லாம் இப்போது குறைந்துவருகிறது. அந்தச் சிறு கேள்விக்காரர்கள் மட்டும் குறையவில்லை.

கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தினேன். இருந்தாலும் என் தொழில் வாழ்க்கை என்று நினைத்தால் வகுப்பறை ஞாபகம் வருவதில்லை. மயிலாப்பூரில் ஏதாவதொரு பள்ளிக்கூடக் கூடமும், சுழலும்போது கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியும், மேடை ஓரத்தில் ஒரு மேசை மணியும்தான் வரும். அந்த மணியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டுரை வாசிக்கப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஒரு மணி, பத்தாவது நிமிடத்தில் இரண்டு. நான் முதன்முதலில் கட்டுரை வாசித்தபோது எட்டாவது நிமிட மணிக்கே பயந்து, தாள்களை வாரிச் சுருட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். தலைமையில் இருந்தவர் எங்கள் பேராசிரியர். "முடிவு எங்கேம்மா? முடிவை எடுத்துண்டு எங்கே ஓடறே?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார். கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் என்னைத் திரும்ப மேலே கூப்பிட்டு, முழுக்க வாசிக்கவைத்து, முடிந்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மூத்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். என் கல்யாணத்துக்கு தி. நகரிலிருந்து சாந்தோம் மாதா கோயிலுக்கு வந்து, பூசை முடியும்வரை எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பக்கத்து வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர். நான் அவரிடம் உதவியாளராக இருந்த நாட்களில் அவர் கட்டுரைகளுக்கெல்லாம் நல்ல படி எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அச்சகத்தில் என் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, சில வருடங்களுக்கு முன் நடந்தது. அதே மயிலாப்பூர், அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடக் கூடம். பேராசிரியர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் உள்ளூர் வரலாற்று அமர்வுக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். மேடையில் அவர் படம் வைத்து, மாலை போட்டிருந்தது. தலைமை நான். அழுகையும் பெருமையுமாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

நாலாவதாக வாசிக்க வந்தவர் ஏகாம்பரம் என்று ஒருவர். கோடம்பாக்கத்துக்காரர். மாநகராட்சியில் மழைநீர் வடிகால் வேலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று குறிப்பில் இருந்தது. வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்திருக்க வேண்டும், மடித்த கோடு அப்படியே இருந்தது. தலைப்பு, மாம்பலம் ஏரியின் மதகுகள். ஏரியைத் தூர்த்து தி. நகர் வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். அந்த ஏரியின் மதகுகள், அதாவது தண்ணீர் திறந்துவிடும் வாய்கள், இன்றைய தெருக்களில் எங்கெங்கே இருந்திருக்கும் என்பதுதான் கட்டுரை. மழை நாளில் தண்ணீர் எந்தத் தெருவில் ஓடி, எந்தச் சந்துக்குள் திரும்புகிறது என்று வருடக் கணக்காக நின்று பார்த்துக் கண்டுபிடித்தது.

இரண்டாவது பக்கத்தில் அவர் ஒரு வாக்கியம் வாசித்தார். "ஏரியைத் தூர்த்துவிட்ட சேதி தண்ணீருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் பேராசிரியரின் வாக்கியம். பல வருடங்களுக்கு முன் நம் கழகத்தின் ஆய்வுக்கோவையில் வந்த அவருடைய கட்டுரையில் வருகிற வரி. அதற்குப் படி எடுத்தவள் நான். வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வரலாற்றை இப்படி எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த மனிதர் அதை, அவர் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, சொந்தச் சரக்கு மாதிரி வாசிக்கிறார்! அடுத்த வாக்கியமும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. மூன்று மதகுகளும் அதே வரிசையில் வந்தன.

"நாலாவதாக..." என்று அவர் ஆரம்பித்தபோது மணியை அடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று கணக்கில்லாமல் அடித்தேன்.

"மன்னிக்கணும். இந்தக் கட்டுரை ஏற்கெனவே நம் ஆய்வுக்கோவையில் வந்திருக்கிறது. வேறொருவர் பெயரில். யார் பெயரில் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அவர் படத்துக்குக் கீழே நின்று இதை வாசிக்க என்னால் அனுமதிக்க முடியாது" என்று ஒலிபெருக்கியில் சொன்னேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "புக்குல வந்துச்சா மேடம்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"வந்தது" என்றேன்.

திரும்பி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். முன் வரிசையில் இரண்டு பேர் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள். தேநீர் இடைவேளை விட்டோம்.

வராந்தாவில் கழகச் செயலாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மாடவீதிக்காரர், நல்ல மனிதர், கழகத்துக்காக ஓடி ஓடி உழைத்தவர். "பேஷ் மேடம்! கழகத்தோட மானத்தைக் காப்பாத்திட்டேள். சார் இருந்திருந்தா கண்ல ஜலம் வச்சுண்டிருப்பார்" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்ல ஐப்பசி மழை. சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. யாரோ கூடத்தின் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அந்த ஜன்னலைச் சாத்தும் சத்தத்தில்தான் எனக்கு ஏதோ இடறியது. எங்கள் துறையில் மழைக்காலம் முழுக்க ஜன்னல் சாத்தியே இருக்கும். பேராசிரியருக்கு ஆஸ்துமா. ஈரக்காற்று பட்டால் இரண்டு நாள் மூச்சு விட முடியாமல் கிடப்பார். துறை வாசலிலிருந்து கார் வரைக்கும் நான்தான் குடை பிடிப்பேன், அதுவும் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் வருவார். மழைக்காலத்தில் வகுப்பைக்கூட என்னை எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்.

அப்படியானால் மழையில் வருடக் கணக்காக நின்று தண்ணீரைப் பார்த்தது யார்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டுரைக்கு மட்டும் பேராசிரியர் தன் கோழிக் கிளறலைத் தரவில்லை. பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதும்மா" என்றார். உள்ளே வேறு கையெழுத்து. குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி. இது யார் எழுதியது சார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, தோன்றியது. கேட்கப் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம். பிறகு ஏகாம்பரம் "நாலாவதாக" என்று ஆரம்பித்தது. பேராசிரியர் கட்டுரையில் மூன்று மதகுதான். திருடுகிறவன் இருக்கிறதை எடுப்பான், இல்லாத நாலாவதை எங்கிருந்து கொண்டுவருவான்? அதைக்கூட யோசிக்காமல், அந்த இடத்தில்தான் மணியை அடித்திருக்கிறேன்.

பதிவு மேசைக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண், "அப்பவே போயிட்டாங்க மேடம், கூட அவங்க வீட்டம்மாவும் இருந்தாங்க. லஸ் பக்கம் போனாங்க" என்று சொல்லி, அவர் கழற்றி வைத்துவிட்டுப் போன அடையாள அட்டையைக் காட்டினாள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. இடைவேளை முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். அறுபது வயதுக்கு மேல் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு லஸ் கார்னரில் ஓடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் இருந்தார்கள். 12பி இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஏகாம்பரம் எழுந்து நின்றார். அதைப் பார்த்து எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் அவர் மனைவி, மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், ஓரமெல்லாம் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேராசிரியர்கிட்ட நீங்க ஒரு நோட்டு குடுத்தீங்களா? பழுப்பு அட்டை போட்டது?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லேன்யா. வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்றார் அந்த அம்மாள்.

"குடுத்தேன் மேடம்" என்றார் ஏகாம்பரம். "சாரு வூட்டாண்ட அடைப்பு எடுக்கப் போனேன். இங்க மட்டும் ஏன்பா தண்ணி நிக்குதுன்னு கேட்டாரு. ஏரி சார், தண்ணிக்குத் தெரியாது சார்னு சொன்னேன். உள்ள கூப்ட்டு உக்கார வெச்சி காபி குடுத்தாரு. அத்தனையும் எழுதிக்கினு வான்னாரு. எங்கிட்ட ஒரு நோட்டு இருந்திச்சி, அதப் பாத்து நல்ல கையெழுத்துல காப்பி பண்ணிக் குடுத்தேன். எழுது ஏகாம்பரம், உனக்கு வருதுன்னு சொன்ன மொதோ ஆளு அவருதான் மேடம்."

"அப்புறம்?"

"புக்குல போடறேன், உன் பேர் வரும்னாரு. ஒவ்வொரு வாட்டி கேக்கசொல்லயும் அடுத்த வருசம் வரும்னாரு. அப்பால நானும் கேக்கல. அவரும் பூட்டாரு. சரி, ரிட்டேர் ஆயிட்டோம், நாமளே எழுதலாம்னு எழுதினேன். அது வந்துச்சின்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அப்படியானால் நான் மணி அடித்த அந்த நிமிடத்தில், தான் எழுதியது அச்சாகிவிட்டது என்பதும், அதில் தன் பெயர் இல்லை என்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டுதான் தாள்களை மடித்துப் பையில் வைத்திருக்கிறார்.

"மேடையிலயே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"இன்னான்னு சொல்றது மேடம்? மாலை போட்டு மேல சிரிச்சிக்கினு கீறாரு. செத்தவர நிக்க வெச்சி கேக்க முடியுமா?"

அவர் மனைவி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "ரெண்டு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சிப் படிச்சிப் பாத்தாரும்மா. பக்கத்துல குந்திக்கினு இருந்த பொம்பள, பேசறது உங்க வூட்டுக்காரரான்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். நீ மணி அடிச்சப்பறம் திரும்பவும் என்னைப் பாத்தா. நான் மூஞ்சத் திருப்பிக்கினேன். கட்டினவர எனக்குத் தெரியாதுன்ற மாதிரி திருப்பிக்கினேன்மா."

அப்போதும் கோழையாகத்தான் பேசினேன். "அடுத்த ஆய்வுக்கோவையில ஒரு திருத்தம் போடச் சொல்றேம்மா. உங்க வீட்டுக்காரர் பேரோட."

"புக்கை நம்பினது போதும்மா" என்றார் அந்த அம்மாள். "எங்க சொன்னியோ அங்கயே சொல்லு."

நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். செய்த தப்பைச் சாமியார் காதில் மட்டும் சொல்லி, மூன்று ஜெபம் சொல்லி, எழுந்து வந்து பழகியவள். இது அந்தக் கணக்கில் தீராது என்று எனக்குப் புரிந்தது. ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருப்பி வாங்க வேண்டும். அதுவும் இன்றைக்கே. நாளைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், திருடன் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு. 12பி வந்தது. ஏகாம்பரம் படியில் கால் வைக்கப்போனார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பஸ்ஸு அடுத்தது வரும். வாய்யா."

மூன்று பேரும் நனைந்துகொண்டு திரும்பி வந்தோம். செயலாளரிடம் வாசலிலேயே சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்ன மேடம் இது! சார் பேர்ல நடக்கிற அமர்வு. சாரோட சிஷ்யாள்லாம் உள்ளே உக்காந்திண்டிருக்கா. இப்போ எதுக்கு இதைக் கிளறிண்டு? அப்புறமா ஒரு கமிட்டி போட்டு நிதானமாப் பாத்துக்கலாமே" என்றார். தப்பான யோசனை என்று அதைச் சொல்ல மாட்டேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். "நானும் சிஷ்யைதான் சார்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன்.

என்ன பேசினேன் என்பது வரிசையாக ஞாபகமில்லை. இடைவேளைக்கு முன் நான் சொன்னது தவறு என்றேன். மதகுக் கட்டுரை இவர் எழுதியது, நம் ஆய்வுக்கோவையில் வந்தது இவருடைய உழைப்பு என்றேன். கூடத்தில் கூச்சல். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "ஆதாரம் என்ன?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் தொழிலே அது. நானும் மணி அடிப்பதற்கு முன் என்னை அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"முதல் ஆதாரம் நான். ஏகாம்பரத்தின் நோட்டைப் பார்த்து நல்ல படி எடுத்தது இந்தக் கை. யாருடைய நோட்டு என்று கேட்காமல் எடுத்தேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு" என்றேன். "இரண்டாவது ஆதாரம் உங்களிடம் இருக்கிறது. சார் மழையில் நிற்பதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்."

அவரிடம் படித்தவர்கள் அந்தக் கூடத்தில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அவருக்குக் குடை பிடித்தவர்கள், மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள், ஜன்னல் சாத்தியவர்கள். ஒரு கைகூட எழவில்லை. பிறகு ஏழெட்டுப் பேர் எழுந்து வெளியே போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். நனைந்த தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பிரித்து வாசித்தார். நாலாவது மதகு வந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு கடைத்தெருவில் ஒரு வரிசைக் கடைகளுக்கெல்லாம் மூன்று படி, எதிர் வரிசைக்கு ஒரே படி. ஏன் என்று கேட்டால், "அப்பா கட்டினாரு" என்பதற்கு மேல் கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. நோட்டைக் கொடுத்து வெகுகாலம் கழித்து மழையில் போய் நின்றபோதுதான், தண்ணீர் அங்கே திரும்புவது அவருக்குத் தெரிந்ததாம். கல்வெட்டும் இல்லை, வரைபடமும் இல்லை. கடைப்படியை எண்ணி ஒரு மதகைக் கண்டுபிடித்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நாணயக்காரர்கள்கூடத் தூங்காமல் கேட்டார்கள். முடிக்கும்போது தாளில் இல்லாததை ஒன்று சொன்னார். "சாரு சொல்லலன்னா நான் எழுதியிருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கோங்க." நான் எழுதிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் என்னைத் தலைமை ஏற்கக் கூப்பிடவில்லை. சில பழைய நண்பர்கள் தெருவில் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். செயலாளருக்குக் கோபம் தணிய ஒரு வருடம் ஆயிற்று. பேராசிரியர் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கை தானாகக் குவிகிறது. கோபமும் வருகிறது. இரண்டையும் நான் பிரித்துப் பார்க்க முயற்சி செய்வதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மேடையில் சந்தேகம் வரும். வராவிட்டால் நீங்கள் தலைமைக்கு லாயக்கில்லை. வந்தால், வாசிக்கிறவரை முழுக்க வாசிக்க விடுங்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டு, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். உழைத்தவருக்கு அதற்குப் பதில் சொல்ல ஒரு நாள் போதாது. மற்றவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். மணி நேரத்துக்காக மட்டும் வைத்திருப்பது. தெரிந்த பெயருக்காக அதை அடிக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் குழுப் புகைப்படத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வராந்தா மேசையில் கழகத்தின் பழைய ஆய்வுக்கோவைகளைத் தைத்துக் கட்டி, 'விற்பனைக்கு அல்ல' என்று சீட்டு ஒட்டிக் காட்சிக்கு வைத்திருந்தோம். ஏகாம்பரத்தின் மனைவி அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரரு எழுதினது எதும்மா? காட்டு" என்றார். பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை ஈரக் கையால் மெல்லத் தடவிப் பார்த்தார். தலைப்புக்குக் கீழே இருந்த பெயரில் விரலை வைத்து, "இது அந்த சாரு பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இதுக்கு மேல இவரு பேர எழுது."

"அடிக்கிறதுன்னா வாணாம் மேடம்" என்று பின்னாலிருந்து ஏகாம்பரம் அவசரமாகச் சொன்னார். "சாரு பேரு இருக்கட்டும்."

பென்சில் கோடு போட்டதற்கே மாணவர்களை நூலகத்தை விட்டு வெளியே அனுப்பியவள் நான். பையிலிருந்த மாநாட்டுப் பேனா வழக்கம்போல் எழுதவில்லை. கைப்பையிலிருந்து என் பேனாவை எடுத்தேன். கழக அலுவலகத்தில் அந்தத் தொகுதியை எடுக்கும்போது, மாம்பலம் ஏரிக் கட்டுரைக்கு மேலே நீல மையில் ஏகாம்பரம் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். யாரோ புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று நூலகரிடம் புகார் செய்ய வேண்டாம். நான்தான் எழுதினேன். அந்தக் கட்டுரைக்கு நான் எடுத்த படியில் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்.